பவுனு மூடிய திருகு

ஜோதிலிங்கம் சாரின் தோசைக்கல்லைக் கண்டாலே பவுனுவுக்கு நடுக்கம் என்று பிற்பாடு டெல்லி மோதி பாக் காலனி முழுக்கச் சொன்னார்கள். அந்த நடுக்கத்தில்தான் கை தடுமாறியிருக்கும் என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மையில்லை. அந்தக் கல்லின் மேல் அவளுக்கு ஆசைதான் இருந்தது.

ஆசைப்படும்படியான கல்தான் அது. அரசாங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்த ஜோதிலிங்கம், கழித்துப் போட்ட இரும்புத் தகட்டை அறுத்துத் தேய்த்துத் தானே செய்தது. ஒரே நேரத்தில் நான்கு தோசை வார்க்கலாம். கால்களை மடக்கிவிடலாம். அடியில் துளை போட்ட குழாய் பர்னர். பக்கவாட்டில் ஒரு சின்ன சிலிண்டரைத் திருகி மாட்டிக்கொண்டால் போதும், ஸ்கூட்டரில் வைத்து எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். புத்த ஜயந்திப் பூங்காவுக்குக் காலனிக்காரர்கள் பிக்னிக் போனபோது பவுனுதான் அதில் தோசை வார்த்தாள். காலனியில் இரண்டு வீடுகளில் அவள் சமையல் செய்துகொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து புருஷன் தர்மனோடு கட்டட வேலைக்கு வந்தவள், செங்கல் சுமந்து இடுப்பு விட்டுப்போன பிறகு கரண்டியைப் பிடித்தாள். மெல்லிசாக, ஓரம் முறுகலாக, ஒன்றைப் போல மற்றொன்று அவள் கையில் வரும்.

கல்லின் குறை டெல்லிக் குளிரில் தெரிந்தது. போன வருஷப் பொங்கல் விழாவில் நாற்பது தோசை தாண்டியதும் சின்ன சிலிண்டரின் மேல் வெள்ளையாய்ப் பனி பூத்துவிட்டது. தீ கடுகளவுக்குச் சுருங்கியது. வரிசையில் நின்றவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டே கலைந்தார்கள். காலனித் தமிழ்ச் சங்கச் செயலாளர் மாணிக்கவாசகம் மைக்கில், "அடுத்த வருடமாவது நம் ஜோதிலிங்கம் அவர்களின் தோசை வேகும் என்று நம்புவோம்" என்று சொல்ல, கூட்டம் சிரித்தது. ஜோதிலிங்கமும் சிரித்தார். ஆனால் அவர் மனைவி ருக்மிணி சொல்வாள், அன்று வீட்டுக்கு வந்தவர் கோட்டைக் கழற்றாமல் அப்படியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

டெல்லியில் ஆசியப் போட்டிகள் முடிந்த அடுத்த தை மாதம் அது. பொங்கல் விழா நடந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, பந்தலுக்கு ஜோதிலிங்கம் ஓர் ஆட்டோவில் இடுப்புயரச் சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ஆபீஸ் கேன்டீனில் பெரிய அடுப்புகளுக்குப் போடுவது.

"இன்னிக்கு இருநூறு தோசை போடலாம் பவுனு. தீ கொறையவே கொறையாது" என்றார்.

வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டர் வாயுவை மெதுவாகத்தான் விடுமாம். இந்த பர்னருக்கு அது பற்றாதாம். அதனால் கேன்டீன் ரெகுலேட்டரையும் கூடவே எடுத்துவந்திருந்தார். பவுனுவிடம் கொதிநீர் கேட்டார். கறுப்பு ரப்பர் குழாயின் முனையை அதில் முக்கி இளக்கி, ரெகுலேட்டரில் அழுத்திச் செருகி, கிளிப் போட்டு முடுக்கினார். அந்தப் பக்கம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கல்லின் பக்கம்தான் தகராறு. சின்ன சிலிண்டர் மாட்டும் இடத்தில் அவர் வெல்டிங் செய்து கொண்டுவந்த குழல் சற்று மெலிதாக இருந்தது. ரப்பர் அதன் மேல் தொளதொளவென்று உட்கார்ந்தது. இரண்டாவது கிளிப்பைத் தேடினார். பையிலும் இல்லை, பாக்கெட்டிலும் இல்லை. பந்தல் கட்டியவர்கள் போட்டுவிட்டுப் போன கட்டுக்கம்பியில் ஒரு முழம் எடுத்து, குழாயைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, குறடால் முறுக்கினார்.

பிறகு குவளையில் சோப்பு நுரை கலக்கி, சிலிண்டர் பக்கத்து மூட்டில் தடவினார். ஒரு குமிழ் எழும்பியது. முடுக்கினார். குமிழ் நின்றது. "இப்படித்தான் பாக்கணும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையையும் சோப்பு காட்டிக் குடுத்துரும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே குவளையோடு கல்லின் பக்கம் நகர்ந்தபோது மைக்கில் அழைப்பு வந்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். ஜோதிலிங்கம் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்.

குவளையை மேசைக்கடியில் வைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது கழுத்தில் மாலை வாசனையும் முகத்தில் சிரிப்பும் இருந்தன. ஏற்கெனவே வரிசை நின்றுகொண்டிருந்தது.

"ஜல்தி, ஜல்தி. கல்லு காயட்டும். இந்தா பாரு, கல்லோரமா இருக்கே, இதுதான் திருகு. இடப்பக்கம் திருகுனா தெறக்கும், வலப்பக்கம் திருகுனா மூடும். மூடும்போது கடைசியில ஒரு இறுக்கம் வரும். அது வர்ற வரைக்கும் திருகணும், என்ன?"

"சரி சார்."

மேசையின் மேல் வெள்ளைத் துணி விரித்துத் தரை வரை தொங்கவிட்டார்கள். சிலிண்டரும் குழாயும் அதற்குள் மறைந்துபோயின.

பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை பவுனு தலை நிமிரவில்லை. தீ நீலமாக, ஒரே சீராக நின்றது. மூன்று நாளாகப் பிடித்திருந்த சளியில் மூக்கு அடைத்துக் கிடந்தது. அந்தச் சூட்டில் நின்றது அதற்கும் இதமாக இருந்தது. ஒன்றரைக்கு மேடையில் பரிசளிப்பு ஆரம்பித்ததும் வரிசை கலைந்தது. மாவுத் தூக்கும் காலி. திருகை மூடிவிட்டு, பந்தலுக்குப் பின்னால் ருக்மிணி மாவுக்குக் காவலிருந்த இடத்துக்குப் போய் அடுத்த தூக்கை வாங்கிக்கொண்டு வந்தாள். ஐந்து நிமிஷமோ ஏழு நிமிஷமோ. ஒலிபெருக்கியில் பெயர்களும் கைத்தட்டலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. தூக்கை வைத்தாள். தீக்குச்சியைக் கிழித்தாள்.

நெருப்பு மேசைக்கடியிலிருந்து வந்தது. வெள்ளைத் துணி ஒரு கணம் பாய்மரம் போல உப்பிற்று. அப்புறம் துணி இல்லை. வலது முன்கையில் யாரோ கொதிக்கும் எண்ணெயை ஊற்றியது போல இருந்தது. முந்தானை பற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்து ராஜம் டீச்சர் தோளிலிருந்த கம்பளிச் சால்வையோடு பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டு கீழே உருட்டினார். ஜோதிலிங்கம் எங்கிருந்தோ ஓடிவந்து, எரியும் மேசையை உதைத்துத் தள்ளிவிட்டு, சிலிண்டரின் தலையைத் திருகி மூடினார். வேறு யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

வாளித் தண்ணீரில் கையை முக்கி அவள் உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலே மாணிக்கவாசகம் கேட்டது காதில் விழுந்தது.

"அடுப்ப மூடாமயா போயிட்டா? காத்துல தீ அணைஞ்சு காஸ் பூரா வெளிய வந்திருக்கு. அப்படித்தானே ஜோதிலிங்கம்?"

ஜோதிலிங்கம் கவிழ்ந்து கிடந்த கல்லின் அருகே குனிந்திருந்தார். நிமிர்ந்து, "அப்படித்தான் இருக்கும்" என்றார்.

சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. கட்டு மாற்றும் நேரத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. எதிர்ச் சுவரில் ஒரு காலண்டரில் இந்தி எண்களை வரிசையாக எண்ணுவாள். ருக்மிணி இரண்டு முறை ரொட்டியும் பாலும் கொண்டுவந்தாள். மூன்றாம் முறை ஜோதிலிங்கமும் கூட வந்தார். கட்டிலுக்கு அருகில் வராமல் வார்டு வாசலிலேயே நின்றார். ஆபீஸ் சாமானை நாசம் செய்துவிட்டோம், அந்தக் கோபம்தான் என்று பவுனு நினைத்தாள். எழுந்து உட்கார்ந்து, "மன்னிச்சுடுங்க சார்" என்றாள்.

அவர் "உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ருக்மிணிக்கு முன்னால் நடந்தார்.

கை ஆறி அவள் வேலைக்குத் திரும்பியபோது மாசி பிறந்திருந்தது. முதலில், சமைத்துவந்த இரண்டு வீடுகளில் ஒன்றான ராஜாராமன் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினாள்.

"தப்பா நெனச்சுக்காதே பவுனு. ஆத்துல சின்னக் கொழந்தைகள் இருக்கு. காஸ் சமாச்சாரம் பாரு. இவருக்குப் பயமா இருக்காம்."

"நான் மூடுனன்மா."

"இருக்கும், இருக்கும். ஆனா எல்லாரும் பாத்துண்டுதானே இருந்தா."

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவுனுவுக்கு அதைச் சொல்லத் தோன்றியது, படி இறங்கிய பிறகு.

அவள் சமைத்த இன்னொரு வீட்டுக்காரரான ராஜம் டீச்சர் அவளை நிறுத்தவில்லை. காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், பாத்திரம் தேய்க்கலாம். "அடுப்புப் பக்கம் மட்டும் போக வேண்டாம்மா. அதை நான் பாத்துக்கறேன்" என்றார். முன்பெல்லாம் அவள் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவாள். இப்போது டீச்சர் பள்ளியிலிருந்து களைத்துவந்து அடுப்பைப் பற்றவைத்தார். முதுகைக் காட்டி நின்று அவர் கிளறுவதைப் பார்த்துக்கொண்டே பவுனு பாத்திரம் தேய்த்தாள்.

தர்மன் கெட்டவனல்ல. ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தான். குடிசையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்பு அடித்துக் கஞ்சி வைத்தான். ஆனால் அவள் மறுபடி மறுபடி அதையே பேசியபோது ஒரு நாள் சொன்னான்:

"ஒருத்தர் ரெண்டு பேர் சொன்னா பரவாயில்ல. காலனியே சொல்லுதே பவுனு. ஜோதிலிங்கம் சாரே சொல்றாரு. அவரு மிசினுக்குப் படிச்சவரு. மறந்துருப்ப. மனுசனுக்கு மறக்கறதுதான். வுடு."

அவள் விட முயன்றாள். மறந்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அங்கேதான் வினை தொடங்கியது. ஸ்டவ்வை அணைத்துவிட்டுக் குடிசைக்கு வெளியே வந்தவள் உள்ளே போய்ப் பார்ப்பாள். அணைந்திருக்கும். பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பூட்டியிருக்கும். மறுபடியும் பாதி தூரத்தில் நின்று, இழுத்துப் பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று யோசிப்பாள். பொதுக்குழாயை மூடிவிட்டுக் குடத்தைத் தூக்கியவள், மூடினேனா என்று பக்கத்தில் நிற்பவளைக் கேட்பாள். "மூடிட்டியே, கண்ணு தெரியலையா?" என்று அவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். ஒரு தரம் ஓட்டினால் கை திருகை மூடும். இன்னொரு தரம் ஓட்டினால் கை நேரே மாவுத் தூக்குக்குப் போகும். இரண்டும் ஒரே மாதிரித் தெளிவாகத் தெரிந்தன. நெருப்பைவிட அதுதான் அவளை அதிகம் கலங்கடித்தது. தன் கை என்ன செய்தது என்று தனக்கே தெரியாமல் போனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது?

மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் விடுமுறை. முற்பகலில் பவுனு ஜோதிலிங்கம் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். ருக்மிணி கூடத்தில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா பவுனு. கை எப்படி இருக்கு?"

"இருக்குதும்மா. அந்தத் தோசைக்கல்ல ஒரு தரம் பாக்கணும்."

"அத எதுக்கு? அந்தச் சனியன வெளிய தூக்கிப் போடச் சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்காரு."

"ஒரே ஒரு தரம்மா. தொட்டுப் பாத்துட்டுப் போயிடறன்."

ருக்மிணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பின்பக்க பால்கனிக் கதவைத் திறந்தாள். சாக்கில் சுற்றி மூலையில் சாத்தியிருந்தது. பவுனு சாக்கை அவிழ்த்து, கல்லைத் தரையில் கிடத்தி, முன்னால் குந்தினாள். ஒரு பக்கம் கறுத்துப்போயிருந்தது. திருகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வலது கையை வைத்தாள். தோல் இழுத்துப் பிடித்ததால் விரல்கள் முழுசாக நீளவில்லை, பிடிக்க முடிந்தது. இடப்பக்கம் திறந்தாள். வலப்பக்கம் மூடினாள். இறுக்கம் வருவதற்குச் சற்று முன்னால், மணல் மிதிபட்டது போல உள்ளே ஒரு கரகரப்பு. அந்த இடத்தில் திருகு கொஞ்சம் முரண்டு பிடித்தது.

அவள் கை அப்படியே நின்றது.

இந்தக் கரகரப்பை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஜோதிலிங்கம் இறுக்கத்தைத்தான் சொன்னார். ஆனால் விரலுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு மாவுக் கையால் மூடியபோது, இதே இடத்தில், விரல் வழுக்கியது. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி விரலைத் துடைத்தாள். அந்தச் சேலையாலேயே பிடித்து இன்னொரு முறை திருகினாள். சரக்கென்று நின்றது. அதன் பிறகுதான் தூக்கை எடுத்தாள். முந்தானை இடுப்பை விட்டு வெளியே வந்ததும் அப்போதுதான். அதனால்தான் அது பற்றிக்கொண்டது.

இரண்டு மாதமாக மனசில் ஓடிய இரண்டு படங்களில் ஒன்று அணைந்துபோயிற்று. அவள் தரையில் உட்கார்ந்து, கறுத்த கல்லைப் பார்த்துக்கொண்டே அழுதாள். ருக்மிணி என்னவென்று புரியாமல் பக்கத்தில் நின்றாள்.

அப்போது வாசல் கதவு திறந்தது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வந்த ஜோதிலிங்கம் பால்கனிப் பக்கம் பார்த்தார்.

"நான் மூடுனன் சார்" என்றாள் பவுனு. எழுந்திருக்கவில்லை. "வெரலு வழுக்குச்சு. தொடச்சிட்டு மறுக்காவும் மூடுனன்."

அவர் பைகளைக் கீழே வைக்காமலே நின்றார். ஒரு பையிலிருந்து முள்ளங்கி இலை தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?" என்றாள் ருக்மிணி. "ஏங்க, என்ன சொல்லுதீங்க?"

அவர் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப்பில் பையன்களுக்கு விளக்குவது போலச் சொன்னார். தீ எரியும்போது வாயு ஓடிக்கொண்டே இருக்கும், குழாயில் அவ்வளவாக அழுத்தம் ஏறாது. திருகை மூடினால் ஓட இடமில்லாமல் முழு பலமும் குழாயின் மேல் வந்து முட்டும். கேன்டீன் ரெகுலேட்டர் வேறு, வேகம் ஜாஸ்தி. கல்லின் பக்கத்தில் குழாய் தொளதொளவென்று இருந்தது. கிளிப் இல்லை. கம்பி கட்டியிருந்தார். அந்தப் பக்கம் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்க்கவில்லை.

"தீ அணைஞ்சதும் நான்தான் குனிஞ்சு பாத்தேன். குழாய் கழண்டு தரையில கெடந்துச்சு. திருகு மூடித்தான் இருந்துச்சு, பவுனு. நீ ஒழுங்கா மூடுனதாலதான் அது கழண்டுச்சு. மூடாம, எரிய விட்டுட்டு நீ போயிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது."

இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்த வாசனை வந்தது. ருக்மிணி போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். வந்தவள் புருஷனைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கு ரொட்டி வாங்கிட்டுப் போன்னு என்னை அனுப்பினீங்களே" என்றாள். அடுத்த கணமே வேறொரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. "பவுனு, இது வெளிய போகக் கூடாது. சிலிண்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுக்காம எடுத்தது. கேன்டீன்காரர் தெரிஞ்சவருன்னு சாவியக் குடுத்தாரு. தெரிஞ்சா மெமோ குடுத்துருவாங்க. வேலைக்கே ஆபத்து. ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கோம்."

"எனக்கு வேல போயிடுச்சேம்மா" என்றாள் பவுனு.

அதில் கோபம் இல்லை. ருக்மிணிக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு ஜோதிலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே சார். எழுந்து குந்திக்கினு மன்னிச்சுடுங்கன்னு சொன்னன். நீங்க கேட்டுக்கினு நின்னீங்க."

அவர் கையிலிருந்த பைகளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நானே மறந்துட்டன்னு நெனச்சிக்கினன் சார். பூட்டப் பூட்டிட்டு மூணு தரம் திரும்பிப் போறன். கொழாயடில என்ன லூசுன்றாங்க." மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ராஜாராமன் சார் வூட்டுக்கு வாங்க. அங்க வந்து சொல்லுங்க. டீச்சரம்மா வூட்லயும் சொல்லுங்க."

"பவுனு, ஒரு மாசம் போகட்டுமே..." என்றாள் ருக்மிணி.

ஜோதிலிங்கம் காய்கறிப் பைகளை இறக்கி வைத்தார். கைகளில் பையின் காது அழுத்திச் சிவந்த கோடுகள் இருந்தன. "வா, போகலாம்" என்று செருப்பை மாட்டினார்.

இரண்டு பிளாக் தள்ளி ராஜாராமன் வீடு. அவரும் வீட்டில்தான் இருந்தார். ஜோதிலிங்கம் உள்ளே போகாமல் படிக்கட்டு நடையில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். ராஜாராமன் முதலில் நம்பாதவர் போலக் கேட்டார். பிறகு குரலை உயர்த்தினார்.

"நீங்க ஒரு டெக்னிகல் ஆள். கொழந்தை குட்டிகளோட ஐந்நூறு பேர் கூடற எடம். கம்பியக் கட்டி காஸ் விடுவேளா? அது போறாதுன்னு இந்த ஏழை மேல பழியப் போட்டுட்டுச் சும்மா இருந்திருக்கேளே!"

மேல்வீட்டிலும் எதிர்வீட்டிலும் கதவுகள் திறந்தன. ஜோதிலிங்கம் தலை குனிந்து நின்றார். இதைப் பார்த்தால் மனசு ஆறும் என்று வழியெல்லாம் பவுனு நினைத்துவந்தாள். ஆறவில்லை. அவருடைய பின்கழுத்தில் நரைத்த மயிர் வியர்த்து ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ராஜாராமன் மட்டும் என்ன, ஒரு வார்த்தை விசாரிக்காமல் கதவைப் பாதி மூடிய வீடுதானே இது என்றும் தோன்றியது.

அந்த வீட்டம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "அடடா, முன்னமே தெரிஞ்சிருந்தா... இப்போ வேற ஆள் வெச்சுட்டோமே பவுனு." உள்ளே வடக்கு மலைப்பக்கத்துப் பெண் ஒருத்தி ரொட்டி உருட்டிக்கொண்டிருந்தாள்; தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, கையை நிறுத்திப் பார்த்தாள். அவள் பிழைப்பைக் கெடுக்க பவுனுவுக்கு மனசில்லை. "பரவால்லம்மா" என்றாள்.

வெளியே வந்ததும் ஜோதிலிங்கம் கைக்குட்டையால் பின்கழுத்தைத் துடைத்தார்.

"இன்னும் ஒரு வூடு இருக்குது சார்."

"தெரியும். வர்றேன்."

ராஜம் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் போட்ட சால்வைதான் அன்று பவுனுவைக் காப்பாற்றியது; அவர் கழுத்தோரத்திலும் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. ஜோதிலிங்கம் முடித்ததும், "சரி, நீங்க போகலாம்" என்றார். அவர் படி இறங்கியதும் டீச்சர் பவுனுவின் பக்கம் திரும்பினார்.

"நானும்தான் சொன்னேன், பவுனு. ஸ்டாஃப் ரூம்ல கேட்டவங்ககிட்ட எல்லாம், பாவம், மூட மறந்துட்டான்னு சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. இருந்தும் சொன்னேன்." எழுந்து சமையலறை விளக்கைப் போட்டார். "சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் பண்ணிடு. நான் பேப்பர் திருத்தணும்."

பவுனு அடுப்புக்கு முன்னால் நின்றாள். தீப்பெட்டியை எடுத்தாள். குச்சி உடைந்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் உடைந்தது. மூன்றாவது குச்சியை டீச்சரே வந்து வாங்கிப் பற்றவைத்துவிட்டு, பேப்பர் திருத்தத் திரும்பிப் போனார். மறுநாளும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு நாள் டீச்சர்தான் பற்றவைத்தார். பிறகு ஒரு காலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது பால் காய்ச்ச வேண்டியிருந்தது, பவுனு பற்றவைத்தாள். காலனியில் வேறு இரண்டு வீட்டார் சித்திரையில் அவளைச் சமையலுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டுக்குத்தான் அவளால் ஒத்துக்கொள்ள முடிந்தது. கை வெகுநேரம் தாங்கவில்லை.

ஜோதிலிங்கம் உண்மையைச் சொன்ன அன்று சாயங்காலம் தர்மன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான். பிறகு குடிசை வரிசையில் முதலிலிருந்து கடைசி வரை போய், "எம் பொண்டாட்டி மூடித்தான்டா இருந்தா, அந்த ஆபீசர்தான் கம்பியக் கட்டிக் கெடுத்துட்டான். எனக்கு அப்பவே தெரியும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு வந்தான். பவுனு உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல் படுத்துக்கொண்டான்.

படிக்கட்டு நடையில் பேசிய பேச்சு ஆபீசுக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜோதிலிங்கத்துக்கும் கேன்டீன்காரருக்கும் மெமோ வந்தது. விசாரணை நடந்தது. வேலை போகவில்லை, வரவேண்டிய பதவி உயர்வு நின்றது, கான்பூருக்கு மாற்றல் ஆயிற்று. சங்கத்தில் மாணிக்கவாசகம் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. "முடிஞ்சுபோன விஷயம்" என்றார். பழுது பார்க்க ரேடியோவும் மின்விசிறியும் தூக்கிக்கொண்டு ஜோதிலிங்கம் வீட்டுக்குப் போனவர்கள் கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

ஜூலையில், மழை இன்னும் வராத ஒரு விடிகாலை, பால் பூத் வரிசையில் பவுனுவுக்கு முன்னால் ருக்மிணி நின்றுகொண்டிருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. அந்த நேரத்திலேயே அனல் காற்று அடித்தது. ருக்மிணி திரும்பிப் பார்த்தாள், முன்னால் திரும்பிக்கொண்டாள், மறுபடியும் திரும்பினாள்.

"புதன்கிழமை கெளம்புதோம்."

"டீச்சரம்மா சொன்னாங்க."

"பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். அங்க தமிழ் பள்ளிக்கூடம் கெடையாது. இங்கயே தமிழ் பேசுனா பாதி ஹிந்தியாத்தான் வருது அதுகளுக்கு." சற்றுநேரம் காலிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "நீ அன்னைக்கு வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"வராம இருந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்மா."

வரிசை இரண்டடி நகர்ந்தது. ருக்மிணி குரலைத் தாழ்த்தி, "ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்கிடுதாரு. எதுக்குன்னு நான் கேக்கதில்ல" என்றாள்.

அவருக்காக வருத்தப்பட வேண்டுமா என்று பவுனு யோசித்துப் பார்த்தாள். கொஞ்சம் வருத்தம் இருந்தது, கொஞ்சம் இல்லை.

பால் வாங்கிக்கொண்டு இருவரும் காலனிப் பக்கம் நடந்தார்கள். ருக்மிணியிடம் பாலோடு இரண்டு கட்டுப் பழைய அட்டைப்பெட்டிகளும் இருந்தன, சாமான் கட்டுவதற்கு. பெட்டிகள் நழுவிக்கொண்டே வந்தன. பவுனு இடது கையால் ஒரு கட்டை வாங்கிக்கொண்டாள். பிளாக் வாசலில் ருக்மிணி கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். படி ஏறிப் போனாள். பவுனு நடையை எட்டிப்போட்டாள். டீச்சர் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்குள் அவருக்கு மதியச் சாப்பாட்டு டப்பா கட்டியாக வேண்டும்.